பன்னிரண்டாவது ஆள்

மே 3, புதன்

காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்துவிட்டு, டீ குடிக்காமலே ஆபீசுக்குப் போனேன்.

தாஜுதீன் சாரின் சுற்றுலா ஆபீசில் இந்த மாதத்தோடு எனக்கு ஒன்பது வருஷம். திருச்சி தில்லைநகரில் மாடியில் இரண்டு அறை. வருகிறவர்களிடம் பேசிப் பார்த்து, யார் எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்வது என் வேலை. சாரிடம் இரண்டு பட்டியல் உண்டு. முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: மைசூர், கொச்சி, கொஞ்சம் துணிந்தவர்களுக்கு ஜெய்ப்பூர். நாலு இடம் சுற்றிப் பழகியவர்களுக்கு இன்னொன்று: லடாக், ஸ்பிதி மாதிரி. "இதுல இருக்கவங்க அதுக்குத் தாவக் கூடாது. கெஞ்சினாலும் சரி, அழுதாலும் சரி," என்பார்.

இரண்டு பட்டியலிலும் நான் பார்த்த ஊர் மைசூர் மட்டும்தான். பனி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், தொட்டுப் பார்த்தவள் போலச் சொல்வேன். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஜூனில் ஸ்பிதிக்கு ஒரு குழு போக வேண்டும். இமாசலத்தில் இருக்கிறது, பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே. வழக்கமாகக் கூட்டிப்போகும் ரஃபீக் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "பன்னெண்டு பேர் சேர்ந்தா இந்தத் தடவை நீயே கூட்டிட்டுப் போ மங்கை," என்று சார் சொல்லிவிட்டார். பதினொரு பேர் சேர்ந்தாயிற்று. கடைசித் தேதி பத்தாம் தேதி. அதற்குள் இன்னொருவர் வரவில்லை என்றால் பயணமே இல்லை.

மத்தியானம் உறையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் ஞானசௌந்தரி. அறுபத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை; மகன் வீட்டில் இருக்கிறார். "முப்பது வருஷம் சிம்லா லைன், ஜம்மு லைன்னு வாயால சொல்லியே காலம் ஓடிருச்சும்மா. ஒரு ஊரையும் கண்ணால பாக்கல. பனி பாக்கணும்," என்றார். வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லையாம்.

முதல் பட்டியலைக் கொடுத்து அனுப்பினேன்.

மே 6, சனி

சிலிண்டர் வந்தது. பன்னிரண்டாவது ஆள் வரவில்லை.

மே 9, செவ்வாய்

ஞானசௌந்தரி அம்மா மறுபடி வந்தார். மைசூர் வேண்டாமாம், பனிதான் வேண்டுமாம். ஸ்பிதியைப் பற்றிச் சொன்னேன். படங்களைக் காட்டினேன். நீல நிறத்தில் ஆறு, வெள்ளை மலை. ஒவ்வொரு படத்தையும் மேசைமேல் வைத்து, கையால் தடவிப் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"ஒண்ணும் இல்ல. மலைக்கோட்டை ஏறினா மட்டும் நடுவுல ரெண்டு தடவ உக்காந்து எந்திரிப்பேன். மூச்சு வாங்கும். அவ்ளோதான்."

அவர் கண்ணாடி எடுத்துவரவில்லை. படிவத்தை நானே நிரப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன், போட்டார். அழகான கையெழுத்து.

சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "பழகினவங்கதான். நல்லது," என்றார்.

படிவங்களில் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்கள்.

மே 10, புதன்

தலைக்குக் குளித்தேன். புதுக்கோட்டைக்குப் போன் போட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீயா போற? நீயேவா?" என்று நாலு தடவை கேட்டாள்.

மே 21, ஞாயிறு

கிளம்புகிறவர்கள் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தோம். பேராசிரியர் சிவசைலம் முன்வரிசையில் உட்கார்ந்தார். இமயமலைக்குப் பதினான்கு தடவை போனவர். ஞானசௌந்தரி அம்மா ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போடலாமா என்று கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அந்த அம்மா இதுக்கு முன்னாடி எங்க போயிருக்காங்க?"

"மணாலி, கேங்டாக் சார்."

"அப்படியா," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மே மாத வெயிலில் ஸ்வெட்டர் வாங்கக் கடை கடையாக அலைந்தேன். கடைக்காரன் சிரித்தான்.

ஜூன் 11, ஞாயிறு. கல்பா

தில்லிவரை விமானம், அதன்பின் வேன். இன்று மூன்றாம் நாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை முழுக்க வெள்ளை.

ஞானசௌந்தரி அம்மா வராந்தாவில் நின்றிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநேரம் இருவரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, "நீ எத்தன தடவ பாத்திருப்ப. இன்னும் இப்படிப் பாக்குற," என்றார். என் கண்ணில் நீர் நின்றதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

இவரை இங்கே கூட்டிவந்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதி வைக்கிறேன்: நல்லதுதான்.

ஜூன் 13, செவ்வாய். காஜா

ஸ்பிதியின் பெரிய ஊர் இது. மரமே இல்லை. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடிக்கிறது. எல்லோருக்கும் லேசாகத் தலைவலி. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியால் எல்லோருக்கும் ஆக்சிஜன் அளவு பார்த்தேன். எண்பத்தாறு, எண்பத்தெட்டு என்று வந்தது. ஞானசௌந்தரி அம்மாவுக்கு எழுபத்தாறு. விரல் குளிர்ந்திருந்தால் சில சமயம் குறைவாகக் காட்டும்.

அந்த அம்மா சாப்பிடவில்லை. இருமுகிறார்.

ஜூன் 14, புதன்

காலையில் மேலே ஒரு கிராமத்துக்குப் போவதாகத் திட்டம். இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரம். பனி கைக்கெட்டும் இடம். பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்களுக்கு இருமல் சரியா இல்ல. இன்னிக்கு ரூம்லயே இருக்கட்டும். ஒருத்தர் கூட இருந்துக்கணும்."

அந்த ஒருத்தர் நான்தான். வேறு யார் இருப்பார்கள்?

நான் போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். வருவதாகச் சொன்னார். ஆசைப்பட்டுத்தான் வந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. நான் பனியைத் தொட்டேன். கையில் எடுத்தேன். சர்க்கரை மாதிரி இருக்கும் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊறவைத்த அரிசி மாதிரி இருந்தது. யாரோ என் பெயரைக் கத்தினார்கள். திரும்பினேன். ஞானசௌந்தரி அம்மா வேன் படியில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. இருமினால் நுரை வந்தது, அதில் இளஞ்சிவப்பு.

வேனிலிருந்த சிலிண்டரைத் திறந்து ஆக்சிஜன் வைத்தோம். பேராசிரியர் அவரைத் தூக்கி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை இறக்கினார். வழி நெடுக அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தார். விடவே இல்லை.

ஜூன் 15, வியாழன்

காஜா ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். உயரமான இடங்களில் வருவது. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

மத்தியானம் பேச்சு வந்தது. பேராசிரியர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"மணாலி போனப்போ உங்களுக்கு இந்த மாதிரி எதுவும் ஆகலையாம்மா?"

அவருக்குப் புரியவில்லை. "எங்க போனப்போ?"

"மணாலி. அப்புறம் கேங்டாக். டாக்டர்கிட்டக் குடுத்த படிவத்துல எழுதியிருக்கே?"

ஞானசௌந்தரி அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் நின்று ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய ஃபிளாஸ்க்.

"ஆமா," என்றார். "அங்க ஒண்ணும் ஆகல."

ஜூன் 16, வெள்ளி

ஆம்புலன்ஸில் கீழே இறங்குகிறோம். மற்றவர்கள் பேராசிரியரோடு பயணத்தைத் தொடர்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு. சிம்லா

மகன் ஆல்வின் வந்துவிட்டார். ஷேவ் செய்யாத முகம். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும், "உங்க ஆபீஸ் மேல கேஸ் போடப் போறேன் மேடம். அறுபது வயசுக்காரங்கள, முதமுதல்ல கிளம்புறவங்கள, எப்படி இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன்? கேட்டதும் கை தானாகப் பையைத் திறந்தது.

வாங்கிப் படித்தார். உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, மணாலி போனேன்னு எழுதிக் கொடுத்திருக்கியா?"

"ஆமாடா."

"எப்பம்மா போன நீ மணாலிக்கு?"

"போகல. போனேன்னு சொன்னாத்தான் சேத்துப்பாங்கன்னு பொய் சொன்னேன்."

ஆல்வின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்க மேடம். தெரியாம உங்களப் பேசிட்டேன்," என்றார்.

"பரவாயில்ல சார்," என்றேன்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பரவாயில்ல சார் என்றேன்.

ஜூன் 26, திங்கள்

திருச்சி. சார் ஸ்வீட் வாங்கி வைத்திருந்தார். பதற்றப்படாமல் இறக்கிக் கொண்டுவந்து ஓர் உயிரைக் காப்பாற்றினேனாம். ரஃபீக் அண்ணன்கூட, "நானா இருந்தா கைகால் உதறியிருக்கும்," என்றார்.

"இனிமே யாரும் பொய் சொல்லிட்டுச் சேராத மாதிரி ஒரு சின்ன புத்தகம் போடலாம்," என்றார் சார். "புதுசா போறவங்க எங்க போகலாம், பழகினவங்க எங்க போகலாம், ஏன்னு. நீயே எழுது. உனக்குத்தான் இப்ப அனுபவம் இருக்கு."

ஜூலை 4, செவ்வாய்

புத்தகத்துக்காக எழுதியது:

"முதல் பயணத்துக்கு ஊரைவிட உடம்புக்குப் பழக்கமான தட்பவெப்பம் முக்கியம். ஒரு இரவில் திரும்பிவிடக்கூடிய தூரமாக இருக்கட்டும். படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பயண ஏற்பாட்டாளரிடம் எதையும் மறைக்காதீர்கள்."

கடைசி வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன்.

துணி துவைக்க ஊறப்போட்டது அப்படியே கிடக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்க உறையூர் வீட்டுக்குப் போன் செய்தேன். ஆல்வின் எடுத்தார். நுரையீரல் தெளிவாகிவிட்டதாம். இங்கே இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை, நடக்கலாம், எங்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஆனா நாங்க விடல மேடம். தெருமுனைக்குக்கூடத் தனியா விடுறதில்ல. கோயிலுக்குப் போனாலும் என் வொய்ஃப் கூடப் போறா. போனையும் வாங்கி வச்சிட்டேன். இந்த வயசுல இவ்ளோ பெரிய பொய் சொல்றவங்கள எப்படி நம்புறது?"

"அம்மாகிட்ட பேசலாமா?"

"பேச மாட்டேங்கிறாங்க மேடம். யார்கிட்டயும்தான்."

ஜூலை 16, ஞாயிறு

உறையூர் மாதா கோயிலில் பூசை முடிகிற நேரத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். மருமகள் ஞானசௌந்தரி அம்மாவின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நன்றாக நடக்கக்கூடியவரை அப்படிப் பிடித்து நடத்தினால் எப்படி இருக்கும்? கைதியை அழைத்துப்போவது போலிருந்தது. அந்த அம்மா நேராக என்னைப் பார்த்தார். நின்றார். நான் ஏதோ பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர்கள் தெருவில் இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

எழுத வேண்டியதை இங்கே முதலில் எழுதுகிறேன். இங்கேகூட இத்தனை நாள் எழுதவில்லை.

மணாலி, கேங்டாக் இரண்டும் என் கற்பனை. வருஷத்தைக்கூட யோசித்துப் போட்டேன், 2016, 2019 என்று. மூச்சு வாங்கும் என்று அவர் சொன்னதை எழுதவில்லை. அவர் பனி பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. நான் பார்க்க வேண்டும் என்பதற்காக.

காஜாவில் அன்று காலை அவரிடம் நான் கேட்டது இப்படி: "அம்மா, நீங்க வரலன்னா நானும் இங்கயே இருக்கணும். வர முடியுமா?" அவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னால நீ ஏன் இருக்கணும், வர்றேன்," என்று ஷூவை மாட்டினார். மாட்டும்போதே இருமினார். லேஸை நான்தான் கட்டிவிட்டேன்.

ஜூலை 19, புதன்

சாரிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொம்பள செத்திருந்தா?"

அவரே தொடர்ந்தார்.

"போகணும்னு என்கிட்ட கேட்டிருந்தா உன்ன நான் எங்கயாவது அனுப்பியிருக்க மாட்டேனா மங்கை? ஒம்போது வருஷத்துல ஒரு தடவ கேட்டியா?"

கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

"நாளையிலேர்ந்து வராதே. அந்த வீட்டுக்கு நானும் போவேன். ஆனா முதல்ல நீ போய்ச் சொல்லு."

ஜூலை 20, வியாழன்

சாயங்காலம் உறையூர் போனேன். ஆல்வின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர் போல, சட்டையைக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். படிவத்தை எழுதியது நான், அம்மாவுக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது, முடியாத உடம்போடு மேலே கூட்டிப்போனதும் நான்.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும், "வெளிய போங்க," என்றார். பிறகு கத்தினார். "சிம்லால நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே! வாங்கிக்கிட்டீங்களே!"

உள்ளறையிலிருந்து ஞானசௌந்தரி அம்மா வந்தார். மெலிந்திருந்தார். ஆல்வின் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சொல்லல? ஒரு மாசமா உன்ன என்னென்ன பேசினேன்! வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னடா சொல்லியிருப்ப? அப்பாவி, கையெழுத்துப் போடச் சொன்னா எதுன்னு பாக்காமப் போடுவா, ஏமாந்துட்டு வந்து நிக்கிறான்னு சொல்லியிருப்ப. ஏமாந்தவங்கற பேருக்குப் பொய்க்காரிங்கற பேரு தேவலன்னு நெனச்சேன். ரெண்டுக்கும் வீட்டுக்குள்ளதான் வைப்பீங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

ஆல்வின் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

பிறகு அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"உன் வேலை போயிருமேன்னும்தான் சொல்லல. நீயா வந்து சொல்லுவன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன். கோயில் வாசல்ல உன்னப் பாத்ததும், சரி, வந்துட்டான்னு நின்னேன். நீ பஸ்ஸப் பாத்த."

"தப்புதாம்மா. என்ன…"

"இரு. நான் பேசி முடிச்சிடுறேன். மலை மேல போனா உயிருக்கு ஆபத்து வரலாம்னு நீ அன்னிக்கு மேசையில வச்சு என்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன் தெரியுமா? அப்ப இது என் முடிவா இருந்திருக்கும். செத்திருந்தாலும் என் முடிவு. நீ என்னக் கேக்கவே இல்ல. என் வீட்ல இருக்கவங்க மாதிரி நீயும் எனக்காக முடிவு பண்ணிட்ட."

என்னால் அழமட்டும்தான் முடிந்தது. அவர் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை நின்றிருந்தார். பிறகு மகன் பக்கம் கையை நீட்டினார்.

"என் போனக் குடு."

ஆல்வின் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 28, வெள்ளி

சார் உறையூர் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாக ரஃபீக் அண்ணன் சொன்னார். கேஸ் வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாராம். சின்ன புத்தகத்தை இனி சாரே எழுதுகிறாராம்.

எனக்குச் சாலை ரோட்டில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. பார்சல்களில் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தடவை பார்க்கிறேன். மேனேஜர் மெதுவாக வேலை செய்கிறேன் என்கிறார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டு, மறுபடி அடித்தது.

"ஞானசௌந்தரி பேசுறேன்."

"அம்மா."

"எக்ஸ்சேஞ்ச்ல என்கூட வேல பாத்த ரெண்டு பேரும் நானும் வர்ற வெள்ளிக்கிழமை ஹம்பி போறோம். டிக்கெட்ட நானே போட்டேன். டாக்டரக் கேட்டுட்டேன். ஆல்வின் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுறேன்னான்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"சந்தோஷப்படுறதுக்காகச் சொல்லல," என்றார். "தெரிஞ்சுக்கணும்னு சொன்னேன்."

வைத்துவிட்டார்.